படம் பொய் சொல்லாது

ஃபோனில் பேசுவதற்காக எங்களுக்குக் கொடுத்த அச்சடித்த சீட்டில் நாற்பத்தொரு கேள்விகள் இருக்கின்றன. அவற்றில் முப்பத்தெட்டுக்குப் பதில் ஒன்றே ஒன்றுதான்: "இது சகஜம்தான், கவலைப்படாதீங்க." மீதி மூன்றுக்கு, "டாக்டர்கிட்ட சொல்றேன்."

மார்பில் சிலிக்கோன் பை வைத்துத் தைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன பெண்கள் காலை எட்டு மணியிலிருந்து என்னைக் கூப்பிட ஆரம்பிப்பார்கள். ஒன்று மேலே நிற்கிறது, ஒன்று கீழே நிற்கிறது. சகஜம். காம்பில் உணர்ச்சியே இல்லை. சகஜம். காம்பில் துணி பட்டாலே உயிர் போகிறது. அதுவும் சகஜம். கல் மாதிரி இருக்கிறது, குனிந்தால் உள்ளே ஏதோ கொளக் கொளக் என்கிறது, தையல் அரிக்கிறது, மல்லாந்தே படுத்து முதுகு வெந்துவிட்டது. எப்போது ஒருக்களிக்கலாம், எப்போது குழந்தையைத் தூக்கலாம், எப்போது அவர் கிட்டே வரலாம். இந்தக் கடைசிக் கேள்வியில் மட்டும் எல்லாருக்கும் குரல் இறங்கிவிடும். ஆறு வாரம் என்று சொல்லிச் சொல்லி, யாராவது வழியில் மணி கேட்டால்கூட ஆறு வாரம் என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கும்.

நான் நர்ஸ். பத்தொன்பது வருடம் பெரிய ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் நின்றவள். இடுப்பு தேய்ந்து, இனி நிற்க முடியாது என்றானதும் இந்த அழகு சிகிச்சை கிளினிக்கில் உட்கார்ந்து பேசும் வேலைக்கு வந்தேன். தோலே இல்லாமல் கிடந்தவர்களுக்கு மருந்து போட்ட கை இது. இருக்கிற நல்ல தோலை அறுத்துப் பை வைத்துக்கொண்டு, "சிஸ்டர், ஒரு பக்கம் அரை விரல் மேல நிக்குது" என்று விசும்புகிறவர்களைக் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்? வாய் சகஜம்தான் என்று சொல்லும். உள்ளே, உடம்பு கொழுத்தால் இப்படித்தான் என்று ஓடும். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த அறையில் எனக்கு எல்லாவற்றின் மேலும் அருவருப்பு இருந்தது. அவர்கள் மேல்தான் அதிகம்.

ஒவ்வொருத்தியும் தினம் காலையில் படம் அனுப்ப வேண்டும். நேராக ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நான் டீயை வைத்துக்கொண்டு முப்பது பேருடைய தையலையும் நீலம் பாய்ந்த வீக்கத்தையும் பார்த்து, கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதுவேன். டீ ஆறி, மேலே ஆடை படியும். அந்த ஆடையைப் பார்த்தாலே சில நாள் குமட்டும்.

ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டர் அதற்குப் பிறகு யாரையும் நேரில் பார்ப்பதில்லை. மத்தியானம் சாப்பிடும்போது என்னைக் கூப்பிடுவார். இடது கையில் ரொட்டி, வலது கை விரலால் என் ஃபோனில் படங்களைத் தள்ளிக்கொண்டே போவார். எண்ணெய் விரல். ஒரு பெண்ணின் காயத்தின் மேல் அவருடைய எண்ணெய் ரேகை தேய்ந்து நிற்கும். சாயங்காலம் நான் அதைப் பஞ்சு வைத்துத் துடைப்பேன்.

எல்லாவற்றையும் எழுதும் முறைக்கு மேனேஜர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஃபோனில் சொல்வதும் படத்தில் இருப்பதும் வேறாக இருந்தால், படத்தில் இருப்பதைத்தான் எழுத வேண்டும். "படம் பொய் சொல்லாது சிஸ்டர். பேஷன்ட்தான் சொல்வாங்க" என்பார். அவருக்கு அது வேதவாக்கு. எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. அழுகையைக் கேட்டு எழுதுவதைவிடப் படத்தைப் பார்த்து எழுதுவது சுலபம்.

கிளட்ச் அக்கா மூன்றாவது நாள் முதன்முதலாகக் கூப்பிட்டாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்து சீட்டில் தனக்கென்று ஒரு பிரேக்கும் கிளட்ச்சும் வைத்துக்கொண்டு, "கிளட்ச், கிளட்ச்" என்று கத்துவதால் அவளிடம் படித்தவர்கள் வைத்த பெயர். அவளே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நாற்பத்திரண்டு வயது.

"வண்டில எப்ப உக்காரலாம் சிஸ்டர்?"

"ஆறு வாரம்."

"நான் ஓட்டப் போறதில்லயே. பக்கத்துல உக்காந்து கத்தப் போறேன். கத்துறதுக்கும் ஆறு வாரமா?"

"சீட் பெல்ட் நேரா அது மேலதான் அழுத்தும்."

"பெல்ட் போடாம உக்காந்தேன்னா பாக்குற புள்ளைங்க என்ன கத்துக்கும்?"

"அதனாலதான் உக்காராதீங்கன்னு சொல்றேன்."

"சரி, திரும்பிப் பாக்கலாமா? தோளுக்கு மேல? கண்ணாடிய மட்டும் நம்பாத, தலையத் திருப்பிப் பாருன்னு நாள் முழுக்க நான் செஞ்சு காட்டணும்."

"கழுத்தத் திருப்பலாம். தோளத் திருப்பாதீங்க."

சிரித்தாள். சிரித்தால் இழுக்கிறது என்றாள். சகஜம்தான் என்றேன்.

சீட்டில் இல்லாத கேள்வியை நான் கேட்கக் கூடாது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "இந்த வயசுல இது எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. "என் தங்கச்சியும் இதேதான் கேக்கறா. ரெண்டு புள்ள பெத்து, பால் குடுத்து, வளத்து அனுப்பிட்டேன். கண்ணாடில பாத்தா யாரோ மாதிரி இருந்துச்சு. எனக்கு வேணும்னு தோணுச்சு சிஸ்டர். யாருக்காகவும் இல்ல. புருஷன் போயே பத்து வருஷம் ஆச்சு."

நான் உதட்டைச் சுழித்துக்கொண்டேன். ஃபோனில் அது தெரியாது. அதுதான் அந்த வேலையில் இருந்த ஒரே சுகம்.

வீட்டில் தனியாக இருக்கிறவள். படம் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. தன் முகத்தைத் தானே எடுத்துக்கொள்கிறார்களே, அப்படிக் கையை நீட்டி ஃபோனைப் பிடித்து எடுத்து அனுப்புவாள். பின்னால் சுவரில் ஒரு பெரிய கடிகாரம். எண்கள் இல்லாமல் வெறும் கோடுகள் மட்டும் போட்ட நாகரிகக் கடிகாரம். முதல் படம் எனக்கு வந்தபோது காலை ஒன்பது பத்து. அந்தக் கடிகாரத்தில் மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. மார்புக்குப் பை வாங்க மனம் வந்தவளுக்குக் கடிகாரத்துக்கு ஒரு பேட்டரி வாங்க மனம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து மேஜைப் பெண்ணிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

பன்னிரண்டாவது நாள் அவள் குரலில் விளையாட்டு இல்லை.

"சிஸ்டர், இடது பக்கம் அடியில கனமா இருக்கு. உள்ளுக்குள்ள விண் விண்ணுனு தெறிக்குது. கை வச்சா சூடா இருக்கு."

படத்தைத் திறந்து பார்த்தேன். அடிப்பக்கம் லேசாகச் சிவந்து தடித்திருந்தது. ஆனால் அது வலது. எதிரே நிற்கிறவரின் வலது நமக்கு இடது பக்கமாக வரும் என்பது நர்ஸ் படிப்பில் முதல் வாரத்துப் பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் தப்பாகச் சொல்ல மாட்டேன்.

"வலது பக்கமாம்மா?"

"இடது சிஸ்டர். நான் வாட்ச் கட்டுற பக்கம்."

படத்தில் வாட்ச் கட்டிய கையும் வலது கையாகத்தான் இருந்தது. சரிதான், வலது கையில் வாட்ச் கட்டிக்கொண்டு அதை இடது என்கிறாள், பயத்தில் மூளை குழம்பிவிட்டது என்று தீர்மானித்தேன். கேஸ் ஷீட்டை எடுத்தேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வார்டில் எல்லா டாக்டர்களும் அதைப் பாராட்டுவார்கள். அந்த முத்தான எழுத்தில் எழுதினேன்: 'நோயாளி இடது வலது குழப்பிக்கொள்கிறார். படத்தின்படி வலது.'

மத்தியானம் டாக்டரிடம் காட்டினேன். அவர் மென்றுகொண்டே அந்த வரியைப் படித்தார்.

"டிரைவிங் சொல்லிக் குடுக்கிறவளுக்கே லெஃப்ட் ரைட் தெரியலயா? அவ கார் வர்ற ரோட்டுப் பக்கம் நான் போக மாட்டேம்ப்பா."

மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம்தான். ஆனால் சிரித்தேன், பல் தெரியச் சிரித்தேன்.

ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையில் சிவப்பு கொஞ்சம் அடங்கியது. வலி அடங்கவில்லை. பதினேழாவது நாள் காய்ச்சல் வந்தது. மறுநாள் காலையில் திறந்து, பையை எடுத்து, உள்ளே கழுவிவிடலாம் என்று டாக்டர் சொன்னார். அதையும் படத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஆபரேஷன் அன்று காலை எட்டரை மணிக்கு அவளை முதன்முதலாக நேரில் பார்த்தேன். ஒல்லியான, நெடிய பெண். பெரிய தளர்ந்த சட்டை. காய்ச்சலில் கண் பளபளத்தது. கூட அவளுடைய தங்கை. அக்காவின் வாட்ச்சும் தோடும் அவள் கையில் ஒரு சின்னப் பையில் இருந்தன.

"நீங்கதானா அந்தச் சகஜம் சிஸ்டர்?" என்று கிளட்ச் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறாள்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தாள். கை கொதித்தது.

"நேரா ஒண்ணு கேக்கறேன். இடதுன்னு நாலு தடவ சொல்லிட்டேன். ஒவ்வொரு தடவையும் வலதான்னு திருப்பிக் கேக்கறீங்க. எனக்குப் பயமா இருக்கு. பக்கத்த மாத்திடப் போறாங்க. நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க, சரியாத்தானே எழுதியிருக்கு?"

"எல்லாம் கேஸ் ஷீட்ல சரியா இருக்கு. கவலைப்படாதீங்க."

சட்டையில் இரண்டு பொத்தானைக் கழற்றச் சொல்லிப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும். கை வைத்துப் பார்த்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டே சொல்லியிருப்பேன் எந்தப் பக்கம் சீழ் பிடித்திருக்கிறது என்று. பத்தொன்பது வருட அனுபவம். ஆனால் என் வேலை ஃபோன் என்று இருந்துவிட்டேன். அறையில் ஏற்கெனவே மணி அடித்துக்கொண்டிருந்தது. இன்னொருத்தி, ஒன்று மேலே, ஒன்று கீழே.

ஆபரேஷனுக்கு முன்னால் எந்தப் பக்கம் என்று மையால் குறி போட வேண்டியது டாக்டர். நோயாளியை நிற்க வைத்து, விழித்திருக்கும்போது, அவளிடமே கேட்டுப் போட வேண்டும். எங்கள் இடத்தில் அவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு தியேட்டர். அதனால் தியேட்டர் நர்ஸ் கேஸ் ஷீட்டைப் பார்த்துக் குறி போடுவாள். அதுவும் மயக்கத்துக்கு முந்திய ஊசி போட்டு, நாக்கு குழறத் தொடங்கிய பிறகு. மார்பு முழுக்கப் பழுப்பு மருந்தைப் பூசிவிடுவார்கள். சிவப்பு, வீக்கம் எல்லாம் அதற்குள் போய்விடும். மேலே பச்சைத் துணி. துணியில் ஒரு ஓட்டை. டாக்டர் வரும்போது அவருக்காகக் காத்திருப்பது பெண் அல்ல, அந்த ஓட்டைதான்.

பத்து மணிக்கு மேல் நான் அவளுடைய படங்களைக் கேஸ் ஷீட்டில் வைப்பதற்காக அச்செடுத்தேன். படத்துக்கு அடியில் அது வந்த நேரம் தானாக விழும். நான்கைந்து படங்களை மேஜையில் வரிசையாகப் போட்டேன். ஒன்பது பத்துக்கு வந்த படத்தில் கடிகாரம் மூன்றுக்குப் பத்து நிமிடம். எட்டு நாற்பதுக்கு வந்ததில் மூன்று இருபது. எட்டு மணிக்கு வந்ததில் சரியாக நான்கு.

நின்றுபோன கடிகாரம் தினம் ஒரு நேரத்தில் எப்படி நிற்கும்?

தங்கை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். போய்க் கேட்டேன். "உங்க அக்கா வீட்டுக் கடிகாரம் ரிப்பேரா?"

"அதுவா? ஒரு நிமிஷம் பிசகாது. அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தா அன்னிக்குக் கிளாஸ் கிடையாதுன்னு சொல்றவ எங்கக்கா."

திரும்பி அறைக்கு வந்தேன். கை கழுவும் தொட்டிக்கு மேலே கண்ணாடி. அதற்குள் எனக்குப் பின்னால் எங்கள் அறைக் கடிகாரம் தெரிந்தது. கண்ணாடியில் ஒன்றரை. திரும்பிப் பார்த்தேன். பத்தரை.

என் மூஞ்சியை நானே படமெடுத்துப் பார்க்கும் ஆசை எனக்கு எந்த நாளும் இருந்ததில்லை. இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அவளுடைய ஃபோன் கண்ணாடி மாதிரிப் படத்தைத் திருப்பிப் போட்டு அனுப்பியிருக்கிறது. ஒவ்வொரு நாளும். வாட்ச் இடது கையில்தான் கட்டியிருக்கிறாள். வலி இடது பக்கம்தான். அவள் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அதை அடித்துவிட்டுப் பொய்யை எழுதினவள் நான். தியேட்டருக்கு ஓடினேன்.

தேய்ந்த இடுப்பை வைத்துக்கொண்டு ஓடுவது ஓட்டமா? தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற ஓட்டம். தியேட்டர் கதவைத் தள்ளியபோது டாக்டர் கையில் பை இருந்தது. கண்ணாடி போலத் தெளிவாக, ஒரு பழுதும் இல்லாமல்.

"உள்ள ஒண்ணுமே இல்லயே. சுத்தமா இருக்கு" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார், இடது சார். படமெல்லாம் கண்ணாடி மாதிரித் திரும்பி வந்திருக்கு. அந்தம்மா சொன்னதுதான் சரி."

அவர் என்னைப் பார்த்த பார்வை, கேட்காத டீயைக் கொண்டுவந்தவளைப் பார்க்கிற பார்வை. பிறகு, "துணிய எடுங்க" என்றார்.

துணியை எடுத்தார்கள். பழுப்பு மருந்துக்கு அடியிலும் பார்த்தாலே தெரிந்தது. தெரிவதற்குப் பார்த்திருக்க வேண்டும். தியேட்டர் நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். இடது பக்கத்தைத் திறந்ததும் வாடை அறை முழுக்கப் பரவியது. சீழ் வாடை பத்தொன்பது வருடம் எனக்குச் சோறு போட்டது. அது எனக்குக் குமட்டவில்லை. குமட்டியது டாக்டர் அதற்குப் பிறகு சொன்னது.

"ரெண்டு பக்கமும் முன்னெச்சரிக்கையா பாத்தோம்னு எழுதிடுங்க."

குரலில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. வலது பக்கத்தில் இருந்த நல்ல பையைக் கழுவித் திரும்ப வைத்துத் தைத்தார். இடது பக்கத்தை வெறுமையாக மூடினார். இனி நாலைந்து மாதம் அது அப்படித்தான் இருக்கும். கையுறையைக் கழற்றிக் கூடையில் எறிந்துவிட்டு அடுத்த தியேட்டருக்குப் போனார். அங்கே இன்னொரு ஓட்டை காத்திருந்தது.

மத்தியானம் மேனேஜர் என் அறைக்கு வந்தார். கேஸ் ஷீட்டோடு தன் கையாலேயே டீயும் கொண்டுவந்திருந்தார். மூன்று வருடத்தில் முதல் தடவை.

"சிஸ்டர், உங்க ஒரு வரி நம்ம எல்லாரையும் காப்பாத்திருச்சு."

எந்த வரி என்று நான் கேட்கவில்லை.

"பேஷன்டே குழப்பிக்கிட்டாங்கன்னு முன்னாடியே எழுத்துல இருக்கு பாருங்க. நாளைக்கு யாரு என்ன கேட்டாலும் அதக் காட்டிடலாம். எவ்வளவு தெளிவான கையெழுத்து!" என்று என்னைப் பாராட்டினார். "அவங்க உங்க குரலத்தான் நம்புறாங்க. கண்ணு முழிச்சதும் நீங்களே பக்குவமா சொல்லிடுங்க. சீட்டுல புதுசா ஒண்ணு சேத்திருக்கேன்."

சீட்டை மேஜையில் வைத்தார். நாற்பத்திரண்டாவது கேள்வி: 'இரண்டு பக்கமும் ஏன் தையல்?' பதில்: 'தொற்று பரவாமல் இருக்க இரண்டு பக்கமும் திறந்து பார்ப்பது சகஜம்தான், கவலைப்படாதீங்க.'

அச்சு இன்னும் சூடாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள்; இவர்கள் ஒரு பெண்ணின் நெஞ்சை ஒரு வரியில் மறைக்கிறார்கள். சீ என்று வந்தது. யாரைச் சீ என்பது? டாக்டர் அறுத்தார், மேனேஜர் அச்சடித்தார். ஆனால் இரண்டு பேருக்கும் கத்தியையும் மையையும் எடுத்துக் கொடுத்தது என் முத்தான கையெழுத்து. மூன்று வருடமாக ஃபோனுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்களைப் பார்த்து முகம் சுளித்தேன். அருவருப்பு எங்கே இருந்தது என்று இப்போது தெரிந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம், என் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

டீயைத் தொட்டியில் கொட்டினேன். கேஸ் ஷீட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். இதைச் செய்தால் வேலை போகும் என்று தெரியும். இந்த இடுப்பை வைத்துக்கொண்டு இன்னொரு வேலை கிடைக்காது என்பதும் தெரியும். படி ஏறும்போது இரண்டு தடவை நின்றேன். இடுப்பு வலியால் என்று சொன்னால் அதுவும் பொய்.

அவள் விழித்திருந்தாள். தங்கை மருந்து வாங்கப் போயிருந்தாள். மார்பைச் சுற்றிக் கட்டு. இடது பக்கம் தட்டையாக, வலது பக்கம் மேடாக.

"சிஸ்டர்," என்றாள். நாக்கு இன்னும் முழுதாகப் புரளவில்லை. "வலது பக்கம் ஏன் எரியுது?"

நாற்பத்திரண்டாவது கேள்வி. மேனேஜர் கெட்டிக்காரர்தான். பதில் என் நாக்கின் நுனியில் தானாகவே வந்து உட்கார்ந்தது. மூன்று வருடப் பழக்கம். பல்லைக் கடித்தேன்.

"அந்தப் பக்கத்தத் தப்பா திறந்துட்டாங்க. அதுல ஒண்ணும் இல்ல. நீங்க சொன்ன இடதுதான். அதையும் அப்புறம் திறந்து பைய எடுத்துட்டாங்க."

அவள் கூரையைப் பார்த்தாள்.

"உள்ள ஒரு பொண்ணு குறி போட்டுச்சு. இந்தப் பக்கம் இல்லம்மான்னு சொன்னேன். நாக்கு வரல. 'குழப்பிக்கிறாங்கன்னு எழுதியே இருக்கு'ன்னு அது யாருக்கோ படிச்சுக் காட்டுச்சு. யாரு எழுதினது?"

"நான்தான்."

என்னை நோக்கித் தலையைத் திருப்பினாள். "தண்ணி."

டம்ளரை உதட்டில் வைத்தேன். ஒரு வாய் வாங்கினாள். விழுங்கவில்லை. அதை என் முகத்தில் துப்பினாள். காய்ச்சல்காரியின் தண்ணீர், வெதுவெதுப்பாக மூக்கிலிருந்து தாடைக்கு வழிந்தது. கழுத்து வரை இறங்கியதும் புறங்கையால் துடைத்துக்கொண்டேன். அவள் மறுபடியும் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். இந்தத் தடவை குடித்தாள்.

"ரோட்டுல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிக் குடுக்கற பாடம்," என்றாள். இத்தனை நாளாக இருந்த 'நீங்க' போய்விட்டது. "கண்ணாடிய மட்டும் நம்பாத, தலையத் திருப்பிப் பாரு. பதினெட்டு வயசுப் புள்ளைங்க கத்துக்குதுங்க. காலைல உன் எதிர்லதானே நின்னேன்? கையக்கூடப் புடிச்சேன். ஒரு தடவ பாத்தியா நீ?"

"இல்ல."

"என் ஃபோன எடு."

எடுத்தேன்.

"முன்னாடி கேமரா வேணாம். பின்னாடி இருக்கறது."

மாற்றினேன். கட்டைக் கொஞ்சம் இறக்கச் சொன்னாள். இறக்கினேன். வலது பக்கத்துத் தையல் புதிதாக, நேராக, யாருக்கும் தேவையில்லாமல் இருந்தது. கேஸ் ஷீட்டை விரித்துத் தன் வயிற்றின் மேல் வைக்கச் சொன்னாள். வைத்தேன். தள்ளி நிற்கச் சொன்னாள். கை நடுங்காமல் பிடிக்கச் சொன்னாள். புதிதாக ஸ்டியரிங் பிடிக்கிறவர்களிடம் இப்படித்தான் பேசுவாள் போலிருக்கிறது.

"உன் கையெழுத்து தெரியுதா?"

"தெரியுது."

"சுவத்துல கடிகாரம் விழுதா?"

"விழுது."

"மணி என்ன?"

ஃபோனில் பார்த்தேன். பிறகு தலையைத் திருப்பிச் சுவரையும் பார்த்தேன்.

"நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கு. ரெண்டுலயும்."

"எடு," என்றாள்.

எடுத்தேன்.